சென்சாரைக் கழற்றி வைத்தவர்: டைப் 1 சர்க்கரை நோயில் புதிய கருவிக்கு மாறிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இதில் வருபவரும் அவர் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். சர்க்கரை நோய்ப் பிரிவில் நோயாளிகளுக்குப் பயிற்சி தருவது என் வேலை. இன்சுலின் அளவுகளை முடிவு செய்தவர் மருத்துவர். மனநிலையை மதிப்பிட்டவர் எங்கள் குழுவின் உளவியலாளர். சர்க்கரையை அளக்கும் சென்சார், இன்சுலின் செலுத்தும் பம்ப் பற்றிய பேச்சில் எண்கள் வந்துவிடுகின்றன. அவற்றோடு வாழும் மனிதரின் தூக்கமும் கோபமும் வெட்கமும் அறிக்கையில் ஏறுவதில்லை. இங்கே சிகிச்சையின் போக்கையே மாற்றியவை அவைதான்.

பின்னணி

அவருக்கு 42 வயது. 15 வயதில் டைப் 1 என்று தெரிந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடும் நோய் இது. இன்சுலினை வெளியிலிருந்து செலுத்தாமல் உயிர் வாழ முடியாது. 27 ஆண்டுகளாக அவருக்கு ஊசிதான்: இரவில் ஒரு நீண்ட நேர இன்சுலின், ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு முன்பும் விரைவு இன்சுலின், தினமும் ஐந்தாறு முறை விரலைக் குத்தி மீட்டரில் பார்ப்பது.

ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானி, வெப்பமானி போன்ற அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. அந்தப் பழக்கம் நோயைக் கையாள்வதிலும் இருந்தது. முதல் சந்திப்புக்கு ஒரு பை நிறைய நோட்டுகளோடு வந்தார். தேதி, நேரம், அளவு, போட்ட யூனிட், கடைசிப் பத்தியில் பென்சிலால் எழுதிய காரணம். ‘படி ஏறினேன்’, ‘கூட்டம் நீண்டது’, ‘சளி’. சில இடங்களில் ‘தெரியவில்லை’. அந்தச் சொல் வரும் இடங்களில் மட்டும் பென்சில் அழுந்தி, பின்பக்கத்தில் தடம் தெரிந்தது.

அவர் நோயாளியான காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டைப் 1 உள்ள 1,441 பேர் பங்கேற்ற டி.சி.சி.டி. என்ற ஆய்வின் முடிவு 1993இல் வெளியானது. சர்க்கரையை இறுக்கமாக வைத்திருந்தால் கண், சிறுநீரக, நரம்புப் பாதிப்புகள் வெகுவாகக் குறையும் என்று அது காட்டியது. விழித்திரைப் பாதிப்பு உருவாகும் அபாயம் மட்டும் 76% குறைந்தது. அதே ஆய்வில், இறுக்கமாக வைத்திருந்தவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை (ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது) ஏறத்தாழ மூன்று மடங்கு வந்தது. முதல் பாதியை மருத்துவர்கள் எல்லோரும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் பாதியை அவர் உடல்தான் சொன்னது. ‘அளவு குறைவாக இருந்தால் நான் ஒழுங்காக இருக்கிறேன்’ என்ற நம்பிக்கை 15 வயதிலேயே வேர் பிடித்துவிட்டது.

வேலையிடத்தில் யாருக்கும் நோய் இருப்பது தெரியாது. கழிப்பறையில் ஊசி போட்டுக்கொள்வார்.

கருவிக்கு மாறச் சொன்ன காரணம்

ஒரு நாள் அதிகாலை மனைவி எழுப்பியபோது அவர் எழவில்லை. உடல் வியர்வையில் நனைந்திருந்தது. அவசர ஊர்தியில் வந்தவர்கள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகே நினைவு திரும்பியது. நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. மனைவிக்கும் 9 வயது மகளுக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

தாழ்சர்க்கரையை உணரும் திறனை 1 முதல் 7 வரை மதிப்பிடும் கோல்ட் கேள்வியில் அவருடைய விடை 5. நான்கோ அதற்கு மேலோ என்றால் உணரும் திறன் மங்கிவிட்டது என்று பொருள். அடிக்கடி ‘லோ’ (தாழ்சர்க்கரை) ஆகும் உடல் மெல்ல மெல்ல எச்சரிப்பதை நிறுத்திக்கொள்கிறது. நடுக்கமும் படபடப்பும் வராமல் நேரே குழப்பமும் மயக்கமும் வரும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ1சி 7.4%. தாளில் பார்க்க நல்ல எண்தான். ஏற்றமும் இறக்கமும் கலந்து வந்த சராசரி அது என்பது பிறகு தெரிந்தது.

தோலுக்கடியில் தொடர்ந்து அளக்கும் சென்சாரை மருத்துவர் பரிந்துரைத்தார். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. மனைவி, “எனக்காகவாவது போட்டுக்கங்க” என்றார். அந்த வாசகத்தைக் குறித்து வைத்தேன். தனக்காக இல்லாமல் இன்னொருவர் பயம் தீர ஒரு கருவியை உடம்பில் ஒட்டிக்கொள்பவர், அதை வேறு மனநிலையில்தான் சுமப்பார்.

முதல் ஆறு வாரங்கள்

இடது மேல்கையில் சென்சார். ஐந்து நிமிடத்துக்கு ஓர் அளவு, ஒரு நாளைக்கு 288. முன்பு நாளுக்கு ஆறு எண்களைப் பார்த்தவர் இவர். கருவியில் வந்தபடியே இருந்த எச்சரிக்கைகளோடு, மனைவி கேட்டதால் 180 மி.கி/டெ.லி. தாண்டினால் ஒலிக்கும்படியும் வைத்துக்கொண்டார். அளவுகள் மனைவியின் போனுக்கும் வேறு ஊரிலிருந்த அக்காவின் போனுக்கும் போயின.

முதல் இரண்டு வார அறிக்கை வந்தது. 70 முதல் 180 வரையிலான வரம்புக்குள் 54% நேரம், 180க்கு மேல் 35%, 70க்குக் கீழ் 11%. வரம்புக்குள் 70 விழுக்காட்டுக்கு மேல், கீழே 4 விழுக்காட்டுக்குள் என்பதுதான் பெரும்பாலான பெரியவர்களுக்கு 2019 முதல் உலகளவில் சொல்லப்படும் இலக்கு. அவருடைய தாழ்நிலையில் பெரும்பகுதி இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில். வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “27 வருஷம் ராத்திரி இப்படித்தான் போயிருக்குமா?” என்று கேட்டார். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் விழித்திரையில் ஆரம்பநிலை மாற்றம் தெரிந்திருந்தது. அதற்கான காரணத்தை அன்றிரவு பழைய நோட்டுகளில் தேட ஆரம்பித்தார் என்று மனைவி பின்னால் சொன்னார்.

அடுத்து வந்தது நம்பிக்கைப் பிரச்சினை. மீட்டர் 142 காட்டும்போது சென்சார் 118 காட்டும். கோபம் வந்துவிடும். “வேலையில ஒரு கேஜ் இப்படிக் காட்டினா கழற்றி ஓரமா வச்சிடுவேன்” என்றார். விரல் குத்துவது குறைவதற்குப் பதில் கூடியது.

மூன்றாவது, இன்சுலின். சாப்பிட்டபின் கோடு ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறார், எச்சரிக்கையும் ஒலிக்கிறது, சும்மா இருக்க முடியவில்லை. முதல் ஊசி போட்ட நாற்பதாவது நிமிடத்தில் இன்னொன்று. விரைவு இன்சுலின் உச்சத்துக்கு வரவே ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும், மொத்தம் நான்கு மணி நேரம் போல உடலில் இருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிற்பகலில் லோ. லோவைக் காக்க வந்த கருவியே பகல் நேர லோவைக் கூட்டியது.

வீட்டில் பேச்சு மாறியது. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே “இப்போ எவ்வளவு?” என்ற கேள்வி. பகலில் மனைவியிடமிருந்து போன்: “230 போகுதே, என்னங்க சாப்பிட்டீங்க?” அக்காவிடமிருந்து: “தம்பி, ரெண்டு மணி நேரமா ஏறிட்டே இருக்கு, பாத்தியா?” இருவரும் அன்பால்தான் கேட்டார்கள். அவர் எங்களிடம் சொன்னது: “என் ரத்தம் இவங்க போன்ல ஓடுது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மார்க் போடறாங்க.”

இரவுதான் மிகக் கடினம். அவர் இடப்பக்கம் ஒருக்களித்துத் தூங்குபவர். சென்சார் உடலுக்கடியில் அழுந்தினால் அந்த இடத்தில் திசு நீரோட்டம் குறைந்து, சர்க்கரை இறங்காமலே இறங்கியதாகக் காட்டும். இரவு இரண்டு மணிக்கு அலறல். மகள் தன் அறையிலிருந்து எழுந்து பழச்சாறு டப்பாவோடு வந்து கதவருகே நிற்பாள். “அப்பா, குடிச்சிடுங்க.” அவள் முகத்தைப் பார்த்து, விரல் குத்திக்கூடப் பார்க்காமல் குடித்துவிடுவார். காலையில் 260. அதற்கு ஓர் எச்சரிக்கை. அப்புறம் கூடத்தில் போய்ப் படுக்க ஆரம்பித்தார், போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு.

ஆறாவது வாரம், மீதமிருந்த சென்சார்களைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “கருவி நல்ல கருவிதான். எனக்குத்தான் ஆகலை.”

கவனித்தவை

அவரைக் குறை சொல்லும் தொனி வராமல் குழு மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்த்தது.

முதலாவது, இது மனச்சோர்வா, சர்க்கரை நோயோடு வாழ்வதால் வரும் மன உளைச்சலா? இரண்டும் வேறு, சிகிச்சையும் வேறு. மனச்சோர்வைச் சலிக்கும் கேள்வித்தாளில் அவருக்கு 27க்கு 7, லேசானது. நோய் சார்ந்த உளைச்சலை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட பெய்ட் அளவுகோலில் 100க்கு 55. நாற்பதும் அதற்கு மேலும் கடுமையான உளைச்சல். அவருக்கு வேலையில் ஆர்வம் இருந்தது, மகளோடு விளையாடினார், நண்பர்களைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது ஒரு மூலைதான், அது இந்த நோய் இருக்கும் மூலை. மாத்திரைக்கு இங்கே இடமில்லை என்று உளவியலாளர் சொன்னார்.

இரண்டாவது, கழற்றியதற்கான காரணம் ஒன்றல்ல. நான்கு சேர்ந்திருந்தன: பழைய ஆண்டுகளைப் பற்றிய குற்ற உணர்வு, கருவிமேல் அவநம்பிக்கை, வீட்டாரின் கண்காணிப்பு, தூக்கக் கேடு. ‘சென்சார் பிடிக்கவில்லை’ என்று கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தால் நான்கும் அதற்குள் புதைந்திருக்கும்.

மூன்றாவது, மகள். அந்தக் குழந்தை தன்னை இரவுக் காவலாளியாக நியமித்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, அந்த அதிகாலையைப் பார்த்தவள் என்பதால் தானாகவே ஏற்றுக்கொண்டாள். பள்ளியில் தூங்கி விழுகிறாள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். தந்தையை மிகவும் உறுத்தியது இதுதான் என்பது மூன்றாவது உரையாடலில்தான் வெளியே வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கோல்ட் மதிப்பெண் 5 உள்ளவர் எச்சரிக்கை இல்லாமல் தூங்குவது ஆபத்து. அதனால் ‘சரி, மீட்டருக்கே திரும்புங்கள்’ என்று விட்டுவிட முடியாது. அதே நேரம், அழுத்திச் சொல்லி மாட்டவைத்தால் ஒரு மாதத்தில் மறுபடி கழற்றுவார், அடுத்த முறை எங்களிடம் சொல்லமாட்டார். ஆகவே மூன்று வார இடைவெளிக்கு நாங்களே ஒப்புக்கொண்டோம். கெட்ட பிள்ளையின் விடுமுறையாக இல்லாமல், சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே அதை எழுதினோம்.

அந்த மூன்று வாரத்துக்கு மருத்துவர் இலக்கை உயர்த்தினார். இரவு இன்சுலினைக் குறைத்தார். படுக்கும் முன், வண்டி ஓட்டும் முன் கட்டாயம் விரல் பரிசோதனை. வீட்டில், மயங்கினால் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து, மனைவிக்கு அதைச் செலுத்தப் பயிற்சி. இதற்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருந்தது: சில வாரங்கள் லோ ஆகாமல் பார்த்துக்கொண்டால், மங்கிப்போன எச்சரிக்கை உணர்வு ஓரளவு திரும்பி வரும்.

கருவிமேல் நம்பிக்கை பற்றி அவரிடம் அவருடைய தொழிலின் மொழியிலேயே பேசினோம். ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரநிலை 2013 முதல் வீட்டு மீட்டருக்கு அனுமதிக்கும் பிழை என்ன தெரியுமா? 100க்குக் கீழ் இருந்தால் கூட்டியோ குறைத்தோ 15 மி.கி., 100 முதல் மேலே 15%. நூற்றுக்கு 95 அளவுகள் அதற்குள் இருந்தால் போதும். 27 ஆண்டுகள் உண்மை என்று எண்ணிய எண்ணும் ஒரு வரம்புக்குள் அலைகிற எண்தான். மேலும் சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கிடையே உள்ள நீரை. சர்க்கரை ரத்தத்திலிருந்து அங்கே போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டும் ஒத்துப்போகாது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் முறையாக அவர் கேள்வி கேட்டார், நாங்கள் பதில் சொன்னோம். தானே ஓர் அட்டவணை வரைந்தார்: சர்க்கரை போகும் திசையைச் சென்சார் காட்டும் அம்புக்குறி படுக்கையாக இருக்கும்போது மீட்டரும் சென்சாரும், சாய்வாக இருக்கும்போது மீட்டரும் சென்சாரும். இடைவெளி முடிந்து சென்சாரை மாட்டியதும் பத்து நாள் அதை நிரப்பினார். அம்பு படுக்கையாக இருந்தபோது எண்கள் நெருங்கி இருந்தன, சாய்வில் விலகின. கருவியை நம்பு என்று நாங்கள் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இந்த ஓர் அட்டவணைக்கு ஈடாகாது என்று நினைக்கிறேன்.

மறுபடி மாட்டும்போது எச்சரிக்கைகள் இரண்டே இரண்டு: 55, 70. உயர்சர்க்கரைக்கு ஒலியே கிடையாது. உயர்வு பல மணி நேரம் நீடித்தால் கவலைதான், ஆனால் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் 200இல் இருப்பதற்கு அலாரம் அடித்து ஒரு மனிதரைப் பதறவைக்கத் தேவையில்லை. தகவலுக்கும் மருந்தைப் போல ஒரு அளவு உண்டு என்பது இந்த நிகழ்வில் எனக்கு உறுதியானது. சென்சார் வலது கைக்கு மாறியது. பொய் எச்சரிக்கை பெரும்பாலும் நின்றது. எண்ணைப் பார்க்கும் நேரங்களை அவரே எழுதினார்: சாப்பாட்டுக்கு முன், வண்டிக்கு முன், படுக்கும் முன், எச்சரிக்கை வரும்போது. சாப்பாட்டு ஊசிக்குப் பின் மூன்று மணி நேரத்துக்குக் கூடுதல் ஊசி இல்லை.

குடும்ப உடன்பாடு அதிக நேரம் எடுத்தது. கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து, உளவியலாளர் முன்னிலையில், ஒரு தாளில் எழுதினார்கள். மனைவியின் போனுக்கு 60க்குக் கீழே போனால் மட்டும் எச்சரிக்கை. அவர் பத்து நிமிடத்தில் பதில் தராவிட்டால் அழைக்கலாம். உயர்வு பற்றி வீட்டில் கேள்வி இல்லை. கையெழுத்துப் போடும் முன் மனைவி அழுதார். “எனக்கு நம்பர் வேணாம். அன்னிக்கு மாதிரி ஆகாதுன்னு யாராவது சொன்னா போதும்” என்றார். அதுவரை எங்கள் பேச்சில் அவர் துணையாளராக மட்டுமே இருந்தார். அந்த அதிகாலையின் பயத்துக்கு அவருக்கும் தனியாக இரண்டு அமர்வுகள் ஏற்பாடு செய்தோம். அக்காவிடம் அவரே பேசினார். அக்காவுக்கு வருத்தம்தான், பகிர்வு நின்றது.

மகளிடம் உளவியலாளர் பேசினார். ராத்திரி எச்சரிக்கைக்கு எழுவது அம்மாவின் வேலை, அம்மாவுக்கு அதற்கான மருந்தும் பயிற்சியும் இருக்கிறது என்று சொன்னார். குளுக்ககான் பெட்டியைக் காட்டி, அம்மா அதை எப்படிப் பயன்படுத்துவார் என்று செய்து காட்டச் சொன்னார். “அப்போ நான் தூங்கலாமா?” என்று குழந்தை கேட்டாள்.

மறுபடி மாட்டியபின் மூன்று மாதங்கள்

70க்குக் கீழ் இருந்த நேரம் 11 விழுக்காட்டிலிருந்து 3 ஆனது. வரம்புக்குள் 54லிருந்து 60. கோல்ட் 5லிருந்து 3: கை நடுங்குவதை மறுபடி உணர்ந்தார். ஒரு நாள் மதியம் வேலை நடுவே 66இல் தானாகத் தெரிந்தது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஆனால் ஹெச்.பி.ஏ1சி 7.4லிருந்து 7.5 ஆனது. அவருக்கு அது தோல்வியாகப் பட்டது. இவ்வளவு செய்தும் கூடிவிட்டதே என்றார். பழைய 7.4இல் இரவு லோக்கள் சராசரியைக் கீழே இழுத்திருந்தன, அந்த ஆபத்தைக் கழித்தபின் வந்த 7.5 அதைவிட நல்ல எண் என்று மருத்துவர் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்து விளக்கினார். ஏற்றுக்கொண்டாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் அவரே அழைத்து, விடியற்காலையில் சாப்பிடாமலே ஏறுகிறதே, ஒரே இரவு ஊசியால் அதைச் சரி செய்ய முடியாதா என்று கேட்டார். விடியலில் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றும். நேரத்துக்குத் தகுந்தபடி அளவு மாறும் இன்சுலின் வேண்டுமென்றால் பம்ப்தான் வழி. இந்த முறை கேட்டவர் அவர்.

பம்ப் கட்டம்

சென்சார் அளவைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்ப் அது. 2016இல் முதன்முதலாக அமெரிக்காவில் அனுமதி பெற்ற வகையின் பிந்தைய தலைமுறை. சாப்பாட்டுக்கான இன்சுலினை மட்டும் நோயாளியே சொல்ல வேண்டும்.

சென்சாரில் பிரச்சினை பார்க்கப்படுவது. பம்பில் பிரச்சினை கையை விடுவது. 27 ஆண்டுகள் ஒவ்வொரு யூனிட்டையும் தானே முடிவு செய்தவர் இப்போது இயந்திரம் முடிவு செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. கோடு 190ஐத் தொட்டால், சாப்பிடாத உணவைச் சாப்பிட்டதாகப் பதிந்து கூடுதல் இன்சுலின் வாங்கிக்கொண்டார். இயந்திரம் அதைப் பார்த்து அடிப்படை இன்சுலினை நிறுத்தியது, பிறகு ஏறியது, அவர் மறுபடி பதிந்தார். லோ வந்தபோது பழைய பழக்கத்தில் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டார். பம்ப் ஏற்கெனவே இன்சுலினை நிறுத்தியிருந்ததால் பாதியே போதுமாக இருந்தது. இருவர் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்தது போல ஆகிவிட்டது.

மூன்றாவது வாரம் ஒரு காலை 310. தோலுக்குள் போன மெல்லிய குழாய் மடங்கிவிட்டிருந்தது. பம்பில் விரைவு இன்சுலின் மட்டுமே இருப்பதால், ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே, இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் கூடும் ஆபத்தான அமிலமான கீட்டோன் சேரத் தொடங்கும். பார்த்தார்: 1.4, இயல்புக்கு மேல். கற்றுக்கொடுத்தபடி பேனா ஊசியால் இன்சுலின் போட்டு, குழாயை மாற்றி, தண்ணீர் குடித்து, எங்களை அழைத்தார். செய்ததெல்லாம் சரி. ஆனாலும் அதற்குப் பிறகு சில வாரங்கள் படுக்கும் முன் குழாய் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்க்காமல் தூங்கவில்லை.

உடலைப் பற்றிய சங்கடமும் இருந்தது. குழாய் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுபட்டது. ஒட்டும் பட்டை தோலைச் சிவக்கவைத்தது. மனைவியோடு நெருக்கமாக இருக்கும்போது இதை எங்கே வைப்பது என்ற கேள்வியை ஆண் மருத்துவரிடம் தனியாகக் கேட்டார். கொஞ்ச நேரம் பம்பைக் கழற்றி வைக்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் இணைத்துக்கொள்ளுங்கள் என்று நேராகப் பதில் கிடைத்தது. பயிற்சிக் கையேட்டில் குளிப்பதற்கும் நீந்துவதற்கும் குறிப்பு இருந்தது, இதற்கு இல்லை.

குழு எடுத்த முடிவு சிறியது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை, எச்சரிக்கை வந்தால் ஒழிய, இரண்டு வாரத்துக்குப் பம்பைத் தொடுவதில்லை. பகலில் அவர் விருப்பப்படி. காரணம் எளிது: இரவில் சாப்பாடு இல்லை, நடை இல்லை, இந்த வகைப் பம்ப் மிகச் சிறப்பாக வேலை செய்யும் நேரம் அது. காலையில் எழுந்து இரவுக் கோட்டை மட்டும் பார்க்கச் சொன்னோம். இரண்டு வார முடிவில் இரவு நேரம் 88% வரம்புக்குள். பகல் 61%. இரண்டையும் அவரே ஒப்பிட்டார். “நான் தூங்கறப்போ அது நல்லா பார்த்துக்குது” என்றார். அதன்பின் பகலிலும் கூடுதல் பதிவுகள் மெல்லக் குறைந்தன.

இன்னொன்றும் கொடுத்தோம்: பம்பைக் கழற்றி ஊசிக்குத் திரும்ப வேண்டுமானால் எத்தனை யூனிட், எந்த நேரம், எத்தனை மணிக்கு ஒருமுறை பார்ப்பது என்று மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள். திரும்பிப் போக வழி கொடுத்தால் போய்விடுவார் என்று குழுவில் ஒருவர் தயங்கினார். நடந்தது நேர்மாறு. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவர் உள்ளே நிம்மதியாக உட்கார்ந்தார்.

ஓராண்டு முடிவில்

முதல் சென்சார் மாட்டியதிலிருந்து ஓராண்டு. வரம்புக்குள் 74%, 70க்குக் கீழ் 2%, ஹெச்.பி.ஏ1சி 7.0%, கோல்ட் 2. பெய்ட் 55லிருந்து 30. கடுமையான தாழ்சர்க்கரை மறுபடி வரவில்லை. கூடத்திலிருந்து படுக்கையறைக்குத் திரும்பிவிட்டார்.

தீராதவையும் உண்டு. வேலைக்கு இன்றும் முழுக்கைச் சட்டைதான். ஒரே ஒரு சக ஊழியரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். நடுவில் இரண்டு முறை, நான்கைந்து நாட்களுக்கு, அந்தத் தாளைப் பார்த்து ஊசிக்குத் திரும்பினார். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தார், திரும்பி வந்தார். மனைவிக்கு இரவு இரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வருவது நிற்கவில்லை. அக்காவோடு பேச்சு பழையபடி ஆகக் கொஞ்ச காலம் பிடித்தது.

தீர மிக நீண்ட காலம் எடுத்தது அந்த 27 ஆண்டுகளைப் பற்றிய குற்ற உணர்வு. கண் பரிசோதனையில் விழித்திரை மாற்றம் கூடவில்லை என்று வந்தது உதவியது. அதைவிட, மருத்துவர் ஒரு பிற்பகல் முழுக்க அவருடைய பழைய நோட்டுகளில் சிலவற்றைப் படித்தார். ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒரு நாளைக்கு ஆறு எண்களை வைத்துக்கொண்டு அதற்கு மேல் யாராலும் தெரிந்திருக்க முடியாது என்றும், அந்த எண்களுக்கு அவர் எடுத்த முடிவுகள் சரிதான் என்றும் சொன்னார். அவர் பதில் சொல்லாமல் நோட்டுகளைப் பையில் அடுக்கினார். உளவியலாளரோடு சந்திப்புகள் மாதம் ஒன்றாகத் தொடர்கின்றன.

எங்கள் பிரிவில் மாற்றியவை

கருவி பரிந்துரைக்கும் நாளிலேயே பெய்ட் கேள்விகளையும் தருகிறோம். முன்பு பிரச்சினை எழுந்தால்தான் தருவோம். யாருக்காக இதை மாட்டிக்கொள்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்கிறோம். விடை ‘வீட்டில் சொன்னார்கள்’ என்றால் இன்னும் ஒரு வாரம் பேசுகிறோம்.

எல்லோருக்கும் தாழ்நிலை எச்சரிக்கைகள் மட்டும் வைத்து ஆரம்பிக்கிறோம். உயர்நிலை எச்சரிக்கையை அவரவர் கேட்கும்போது சேர்க்கிறோம். கர்ப்பிணிகளுக்கும் கீட்டோன் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குத் தனியாக முடிவு செய்கிறோம். முதல் அறிக்கையை நோயாளி தனியாகத் திறந்து பார்க்க விடுவதில்லை. கூட உட்கார்ந்து, பழைய ஆண்டுகளைப் பற்றிய கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே பார்க்கிறோம்.

பகிர்வு உடன்பாட்டை இயக்கும் முன்பே எழுதிவிடுகிறோம். யார் பார்ப்பது, எந்த அளவுக்கு அழைப்பது, எதைக் கேட்கக் கூடாது என்று. வீட்டில் குழந்தைகள் இருந்தால், இரவில் எழும் வேலை எந்தப் பெரியவருடையது என்பதைக் குழந்தையின் முன்னாலேயே சொல்லிவிடச் சொல்கிறோம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வைத்திருக்கிறோம். அதில் சர்க்கரை அளவு பற்றி நாங்களாகக் கேட்பதில்லை. எங்கே படுக்கிறீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், வீட்டில் யாரோடாவது சண்டை வந்ததா, கழற்றிப் போடலாம் என்று தோன்றியதா என்று கேட்கிறோம். கடைசிக் கேள்விக்குப் பலரும் ஆமாம் என்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களை அந்த வாரமே வரவழைக்கிறோம்.